நாலாயிரம் வருட அம்மிக்கு நான் வைத்த பொட்டு

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ தப்புகள் செய்திருப்பார்கள். ஆனால் நாலாயிரம் வருடத்துச் சாப்பாட்டை, எலுமிச்சை வாசனை சோப்புப் போட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் அழுத்தித் தேய்த்து, தொட்டி ஓட்டை வழியாகச் சாக்கடைக்கு அனுப்பி வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கேமரா வைத்த செல்போன் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வராத, இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஷார்ஜாவுக்கு ஹெல்பர் விசாவில் போயிருந்தேன். படிப்பு பி.எஸ்சி. தாவரவியல், இரண்டு அரியரோடு. ஒன்று இங்கிலீஷ். இன்னொன்று பெரணி வகைச் செடிகள் பற்றிய பேப்பர். எங்கள் கம்பெனி, எங்கே ஆள் வேண்டுமோ அங்கே எங்களை அனுப்பும். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு ரூமில் எட்டுப் பேரில் ஒருவனாகக் கிடந்த என்னை, மலையடிவாரத்தில் ஒரு பழங்காலக் குடியிருப்பைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களிடம் மண் சுமக்க அனுப்பியது. குளிர்காலத்தில் மட்டும்தான் தோண்டுவார்கள். தோண்டியெடுத்ததெல்லாம் மற்ற மாதங்களில் பக்கத்தில் ஒரு வில்லாவில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும்.

அந்த வருடம் வெயில் தணிவதற்கு முன்பே, அக்டோபர் தொடக்கத்தில், ஹெலன் மேடம் ஆஸ்திரேலியாவிலிருந்து தனியாக வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்த மூக்கு, ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. போன சீசனில் கிடைத்த அரைக்கும் கற்களை மட்டும் ஆறு வாரம் உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். ஒரு உதவியாள் வேண்டும் என்றார். எங்கள் ஃபோர்மேன் வரிசையாக நிற்கவைத்து, "மைக்ரோஸ்கோப் கிஸ்கோ மாலூம்?" என்று இந்தியில் கேட்டார், யாருக்குத் தெரியும் என்று. நான் கையைத் தூக்கினேன். கல்லூரியில் மூன்று வருடத்தில் நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது ஒரு வெங்காயத் தோல். அதிலும் பாதி நேரம் தெரிந்தது என் கண்ணிமை மயிர்தான் என்று எங்கள் லேப் அட்டெண்டர் சொன்னார்.

கையைத் தூக்கியதற்குக் காரணம் விஞ்ஞான ஆர்வம் இல்லை. லீவுதான்.

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் நான் விமானம் ஏறினேன். அப்போது என் மனைவி வளர்மதிக்கு மூன்று மாதம். யாழினி பிறந்த செய்தியை ரோலாவில் ஒரு போன் பூத்தில், பின்னால் நாலு பேர் கியூவில் நின்று முறைக்க, கேட்டேன். இப்போது அவளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. நவம்பர் கடைசியில் முதல் பிறந்தநாள். ஹெலன் மேடத்தின் வேலை நவம்பர் பாதியில் முடியும். முடிந்ததும் 'இந்த ஆளின் வேலை முடிந்தது' என்று அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், அதைக் காட்டி நான் லீவில் போகலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. கடிதம் டைப் அடித்துத் தயாராக, மேடத்தின் மேசையில் ஒரு நீல ஃபைலில் இருந்தது. தினமும் மேசை துடைக்கும் சாக்கில் அந்த ஃபைலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

மகளைப் பற்றி என்னிடம் இருந்தது இரண்டு பொருள்கள். ஒன்று, குழந்தை கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு போட்டோ. இன்னொன்று, ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஆடியோ கேசட். ஒரு பக்கம் வளர்மதி பேசியிருந்தாள். மறுபக்கம் முழுக்க குழந்தையின் சத்தம்: சப்புக்கொட்டுவது, தும்முவது, தனக்குத்தானே ஏதோ வழக்குப் பேசுவது. நடுவில் ஓர் இடத்தில் டம்ளர் ஒன்று உருண்டு விழும். உடனே குழந்தை கடகடவென்று சிரிக்கும். வில்லாவின் லேண்ட் குரூசரை ஓட்டிய அதிராம்பட்டினத்துக் காதர் காக்கா (அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) வண்டியில் அந்தக் கேசட்டைத்தான் போடுவார். பக்கத்தில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் கையைக் காட்டி நிறுத்துவார்.

"இருங்கப்பா, டம்ளர் விழுற எடம் வருது."

விழும். சிரிக்கும். அவரும் சிரிப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பாலைவனத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்கமாட்டார்.

ஹெலன் மேடம் லேப் என்று வைத்திருந்த அறையில் அவர் பார்த்த சுத்தம் சாதாரணமானதில்லை. பிஸ்கட் கூடாது. ரொட்டி கூடாது. என் டிபன் பாக்ஸ் வாசற்படியைத் தாண்டக் கூடாது. உள்ளே நுழையும்போதெல்லாம் கை கழுவ வேண்டும். உட்புறம் பவுடர் தடவிய கையுறையைக் கூட வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். மடி ஆசாரம் பார்க்கிற மாமிகளை நான் கண்டதுண்டு. அவர்கள் எல்லாம் இவரிடம் வந்து டியூஷன் படிக்க வேண்டும்.

முதல் வாரம் என் கண்ணைப் பழக்க, அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்லைடுகளைக் காட்டினார். (அவர் பேசியது இங்கிலீஷ். நான் புரிந்துகொண்டது தமிழ். இடையில் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.) ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண்கள் புல் விதைகளையும் வேறு விதைகளையும் தண்ணீர் விட்டுக் கல்லில் அரைத்து, சாம்பலில் சுட்டுச் சாப்பிட்டவர்கள். எத்தனை ஆயிரம் வருடமானாலும், அரைத்த மாவின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமாம். அவற்றின் உருவத்தை வைத்து, அது எந்தச் செடி, அந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாமாம். மைக்ரோஸ்கோப்பில் ஒரு வளையத்தைத் திருப்பினார். எல்லாம் இருட்டாகி, துகள்கள் மட்டும் மின்னின. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கூட்டல் குறி. வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்தக் குறியும் சுற்றியது.

பிறகு ஒரு செடியின் படத்தைக் காட்டினார். "இது நார்டூ. இதன் காயையும் அரைப்பார்கள். பக்குவம் தெரியாமல் தின்றால் ஆபத்து."

நாலு இலை, குடை விரித்தது மாதிரி. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "மேடம்! திஸ் ஆரைக்கீரை! மை வில்லேஜ், பேடி ஃபீல்ட், மை வைஃப் குக்கிங்!"

எங்கள் வயல் வரப்புகளில் கிடக்கும் அதே இனம். பெரணி வகை. அதாவது, நான் அரியர் வைத்த பேப்பரில் பத்து மார்க் கேள்வி. பரீட்சையில் அதன் படத்தை வரையச் சொன்னதற்கு நான் வரைந்தது ஒரு டேபிள் ஃபேன் போல வந்திருந்தது. மேடம் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். நானும் என்னை அப்படியே பார்த்துக்கொண்டேன். அந்தப் பெருமிதத்தில், ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன்: அந்தத் துகள்களைச் சரியாக எங்கிருந்து எடுக்கிறீர்கள், மேடம்? (கேட்கிற பழக்கம் இருந்தால் அரியர் எப்படி விழும்?)

இரண்டாவது வாரம் அவர் ஏதோ கூட்டத்துக்காக மூன்று நாள் மஸ்கட் போனார். போகும்போது, "பெட்டியிலிருந்து அந்த மூன்று பெரிய கற்களையும் எடுத்து மேசையில் வை. வந்ததும் அதில்தான் ஆரம்பம். மேசை சுத்தமாக இருக்கட்டும்" என்றார். பைகளில் போட்டுக் கட்டியிருந்த கற்களைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். தொடவில்லை. அதற்காகவாவது என்னைப் பாராட்ட வேண்டும்.

அவர் இல்லாத நாட்களில் வந்தது ஆயுத பூஜை.

ஊருக்குப் போன் போட்டபோது வளர்மதி சொன்னாள்: "நாலரை மணிக்குப் பூஜைங்க. உங்க சைக்கிளைத் தொடச்சு வச்சிருக்கேன். இவ பொரியை அள்ளி அள்ளிக் கொட்டுறா. நீங்க இருந்தா..." போன் கார்டு தீர்ந்ததா, அவள் நிறுத்தினாளா தெரியவில்லை.

அங்கே நாலரை என்றால் இங்கே மூன்று மணி. அதே நேரத்தில் நானும் இங்கே பூஜை போட்டுவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவள் அங்கே சூடம் ஏற்றும்போது நான் இங்கே ஏற்ற வேண்டும். வேறு எந்த வகையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையை ஒன்றாகச் செய்ய முடியும்? காதர் காக்கா என்னை ரோலாவுக்கு அழைத்துப் போனார். பொரி, பொட்டுக்கடலை, குங்குமம், சந்தனப் பவுடர், வாழைப்பழம், ஒரு பாக்கெட் பச்சரிசி மாவு. பூவுக்கு வில்லா வாசலில் இருந்த காகிதப்பூ.

கரண்டி, சல்லடை, பிரஷ், தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். மைக்ரோஸ்கோப்பின் கழுத்துக்குப் பின்புறமும் ஒரு பொட்டு. காக்கா வண்டியோடு வந்து நின்றார்.

"என் வண்டிக்கும் வச்சுக்க, நான் ஒண்ணும் சொல்லல. டயர்ல எலுமிச்சம்பழத்த மட்டும் வைக்காத. அத எங்கிட்ட குடு, ஜூஸ் போடுவோம்."

கடைசியில் மேசைக்கு வந்தேன். மூன்று அம்மிகள். ஆம், எனக்கு அவை அம்மிகள்தான். நடுவில் பள்ளம் விழுந்து, குழி குழியாக, இண்டு இடுக்கெல்லாம் மண் அடைந்து கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு சுத்தம் பார்க்கிற பெண்மணி, இந்தக் கற்களை மட்டும் இப்படி அழுக்காக வைத்திருக்கிறாரே, பாவம், நேரம் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். ஆயுத பூஜை அன்று கழுவாத அம்மிக்கு யாராவது பொட்டு வைப்பார்களா?

தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தேன். சோப்பு. பச்சை நார். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். ஒரு கல்லுக்கு அரை மணி நேரம். தண்ணீர் பழுப்பாகப் போய், பிறகு வெள்ளையாகப் போகும்வரை விடவில்லை. என் வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காக நான் செய்ததே இல்லை. துடைத்து, மேசையில் பச்சரிசி மாவால் அகலமாக ஒரு கோலம் போட்டு (புள்ளி தப்பியது, வளர்மதி போட்டால் தப்பாது), அதன் மேல் அம்மிகளை வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பள்ளத்தில் பொரியைக் குவித்து, சரியாக மூன்று மணிக்குச் சூடம் ஏற்றினேன். (மேடம் கூடாது என்றது பிஸ்கட்டும் ரொட்டியும்தான், கோலத்துக்குத் தடை சொல்லவில்லை.) யாழினியை அடுத்த மாதம் கண்ணால் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மேசையையும் அம்மிகளையும் ஈரத் துணியால் துடைத்து, கற்களை மேசையிலேயே ஒழுங்காக அடுக்கிவைத்தேன்.

மேடம் வந்தார். கற்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "போன சீசனில் யாரோ கழுவிவிட்டிருக்கிறார்கள். எப்போதும் நடப்பதுதான். பார்ப்போம், ஆழமான குழிகளில் ஏதாவது மிச்சம் இருக்கும்." நான் பேசாமல் நின்றேன். கழுவியதைப் பாராட்டவில்லையே என்று லேசான வருத்தம் கூட இருந்தது, நம்புங்கள்.

அப்போதுதான் பார்த்தேன், துகள்களை எங்கிருந்து எடுப்பார்கள் என்று. கல்லின் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சற்று நேரம் ஊறவிட்டு, உறிஞ்சி எடுத்தார். நாலாயிரம் வருடத்து மாவு அந்தக் குழிகளில்தான் இருக்குமாம். இடுக்குகளில் ஓட்டிய டூத் பிரஷ் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் மேடம்தான் 'ஆழமான குழி' என்று சொன்னாரே என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். காது வரை சிவந்திருந்தது. "தனபால், இங்கே வந்து பார்."

பல மூலைகள் கொண்ட, மிகச் சிறிய துகள்கள். கூட்டம் கூட்டமாக மின்னின. "அரிசி," என்றார் மெதுவாக. "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இந்த இடத்தில், இந்தக் காலத்தில் அரிசி என்றால்..." மிச்சத்தைச் சொல்லாமல், போய் இரண்டு பேருக்கு மெயில் எழுதினார்.

அவர் 'இருக்கலாம்' என்றார். நான் அப்படியெல்லாம் தயங்குகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை ரோலா ரூமில் போய் அறிவித்துவிட்டேன்: நாலாயிரம் வருடத்துக்கு முன்பே நம் ஆள் இங்கே வந்து சோறு பொங்கியிருக்கிறான், முதல் விசா நமக்குத்தான். கைதட்டல். ஒருவர் மட்டும், "அரிசி இருந்தா சாம்பார் இருந்திருக்கணுமே, அதை ஏன் உங்க மேடம் கண்டுபிடிக்கல?" என்று கேட்டார். விரைவில் கண்டுபிடிப்போம் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மதியம் மேடம் சாப்பிடக் கிளம்பினார். "நாளைக்கு மேசையிலும், தண்ணீரிலும், நம் கைகளிலும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த அறையில் எங்கிருந்தும் அரிசி வரவில்லை என்று தெரிந்தால்தான் நான் நம்புவேன். வழக்கமான சோதனைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வழக்கம்போல் மேசையைத் துடைக்கத் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். மேசைப் பலகைகளின் இடுக்கில், நேராக, வெள்ளையாக, ஒரு கோடு ஓடியது.

பச்சரிசி மாவு.

மேடம் பார்த்த அரிசி இதுதான். நாலாயிரம் வருடத்துத் தமிழன் பொங்கிய சோறு, போன வாரம் நான் போட்ட கோலம். கையில் ஈரத் துணி. ஒரே இழுப்பில் துடைத்தால் கோடு போய்விடும். நாளைய சோதனையில் மேசை சுத்தம் என்று வரும். மேடம் நம்புவார். எல்லோரும் நம்புவார்கள். நீல ஃபைலில் கையெழுத்து விழும். யாழினி கேக்கில் கையை விட்டு அளையும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

காக்கா உள்ளே வந்து, கோட்டைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, தன் செல்போனை நீட்டினார். "ஊருக்குப் பேசு. உன் மூஞ்சி சரியில்ல."

வளர்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா, உளறினேனா, நினைவில்லை. அவள் நடுவில் ஒரே ஒரு தடவை, "சோப்புப் போட்டா தேச்சீங்க?" என்று கேட்டாள்.

"அந்தக் கல்லுல அரைச்சது யாரோ ஒரு பொம்பளதானே?" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்."

"குழி விழுற அளவுக்கு அரைச்சிருக்கா. எத்தனை வருஷம் கையொடிய அரைச்சாளோ. அவ என்ன அரைச்சான்னுதான் அந்தம்மா இம்புட்டுத் தூரம் வந்து தேடுது. நீங்க நம்ம வீட்டுக் கோல மாவைக் கொண்டுபோய் அவ தலையில கட்டுவீங்களா?"

"வளரு, சொல்லிட்டா லீவு போயிரும்."

"தெரியுதுங்க." அவள் குரல் உடைந்தது. "போனாப் போகுது. ஒரு வயசு முடிஞ்சா ரெண்டு வயசு வரும். பொய் சொல்லிட்டு வந்து பிள்ளையத் தூக்காதீங்க."

துணியை வாளியில் போட்டேன்.

மேடம் திரும்பி வந்ததும் நான் ஆற்றிய உரையை, இங்கிலீஷ் அரியரின் ஞாபகார்த்தமாக அப்படியே தருகிறேன். "மேடம். தட் ரைஸ், மை ரைஸ். ஃபெஸ்டிவல், மேடம். ஸ்டோன், பாத். சோப் பாத். தென் ஸ்டோன் பொட்டு. தென் ரைஸ் டிராயிங். சாரி மேடம். மைக்ரோஸ்கோப் ஆல்சோ பொட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்தில் தொங்கவிட்டார். வெளியே போய், அந்த உச்சி வெயிலில் வில்லாவைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நானும் காக்காவும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூணு சுத்து சுத்திட்டாங்க," என்றார் காக்கா. "இனி தேங்கா ஒடைக்கிறதுதான் பாக்கி. அது உன் தலையான்னு தெரியல."

மேடம் உள்ளே வந்து நோட்டை எடுத்தார். எதையெல்லாம் கழுவினாய், எதால் கழுவினாய், என்னென்ன வைத்தாய், எங்கே வைத்தாய். ஒன்றுவிடாமல் எழுதினார். நாலு பக்கம். மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். கோல மாவு அச்சு அசலாகப் பொருந்தியது. சந்தனப் பவுடர் ஸ்லைடைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இதில் மரத்தூளே காணோமே. எல்லாம் மாவும் சாயமும்தான்" என்றார். நான் அம்மிக்கு வைத்தது சந்தனம் கூட இல்லை. அந்த நிலைமையிலும் கடைக்காரன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "கல்லுக்கு ஏன் இதெல்லாம்?"

வருடம் முழுக்க உழைக்கிற பொருளுக்கு ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் நன்றி என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அவர் மூன்று கற்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் ஊர்ப் பாலைவனத்தில் தன்னோடு வேலை செய்த ஒரு பூர்வகுடிப் பெண், ஒரு சொட்டுத் தண்ணீர் விடவும் தன்னை அனுமதிக்குமுன், கல்லிடம் தன் மொழியில் ஏதோ நாலு வார்த்தை பேசுவாள் என்றார். "இந்தக் கற்களிடம் பேச இங்கே யாருமில்லை என்று நினைத்திருந்தேன். நீ பேசியிருக்கிறாய்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தப்பான வாரத்தில். சோப்போடு."

பிறகு நீல ஃபைலைத் திறந்து அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கோபத்தில் இல்லை. பையில் கட்டியிருந்த கற்களில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், டிசம்பர் கடைசிவரை ஆகும், நீ இல்லாமல் முடியாது என்றார். நான் "எஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறந்தநாள் அன்று காக்காவின் செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு லேண்ட் குரூசருக்குள் உட்கார்ந்திருந்தேன். அங்கே கைதட்டல் கேட்டது. யாரோ பலூனை வெடித்தார்கள். வளர்மதி ரிசீவரைக் குழந்தையின் வாயருகே வைத்தாள். மூச்சு கேட்டது. பிறகு, "ப்பா." அவ்வளவுதான். அதற்குள் ரிசீவரை நக்க ஆரம்பித்துவிட்டாள் என்று வளர்மதி வாங்கிவிட்டாள். காக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கேசட் போடவில்லை.

பையில் இருந்த கற்களில் கடைசியில் கிடைத்தது பார்லி மாதிரி ஒரு தானியமும், ஏதோ ஒரு காட்டுப் புல்லின் விதையும். மேடம் அதற்குத்தான் உண்மையில் சந்தோஷப்பட்டார். எனக்கு முதலில் சப்பென்றிருந்தது. ஆனால் அந்தத் துகளில் சுற்றிய கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, யாரோ ஒருத்தி வெயில் ஏறுமுன் குனிந்து உட்கார்ந்து புல்லரிசியை அரைப்பதும், பக்கத்தில் ஒரு குழந்தை எதையோ உருட்டிவிட்டுச் சிரிப்பதும் எனக்குத் தெரிந்தன. அவளுடைய மற்ற மூன்று கற்களை நான் கழுவிவிட்டேன். அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

கிளம்பும்போது மேடம் ஒரு ஸ்லைடைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். என் கோல மாவு, நிரந்தரமாகக் கண்ணாடிக்குள். லேபிளில் சின்ன எழுத்தில்: 'அரிசி. இக்காலம். தனபால்.' மைக்ரோஸ்கோப்பின் கழுத்திலிருந்த பொட்டை அவர் கடைசிவரை துடைக்கவில்லை.

ஊருக்கு வந்து இறங்கினேன். பதின்மூன்று மாதம் ஆன மகள் வாசலில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் வளர்மதியின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் குனிந்து, "அப்பா எங்க? யாழினிக்குட்டி, அப்பா எங்க?" என்று கேட்டார்கள். சேலைக்குள்ளிருந்து ஒரு குட்டி விரல் வெளியே வந்தது. எனக்கு நேராக நீட்டப் போகிறது என்று நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். விரல் என்னைத் தாண்டி, ஸ்டூல் மேலிருந்த டெலிபோனைக் காட்டியது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனேன். அங்கும் ஒரு குழாய் இருந்தது.

அதன் பிறகு ஆறு வருடம் வளைகுடா, பிறகு ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மிக்சியைக் கூட நான் கழுவக் கூடாது, அது சட்டம். "எவளாவது நாலாயிரம் வருஷம் கழிச்சு வந்து, நான் என்ன சட்னி அரைச்சேன்னு தேடினா?" என்பாள் வளர்மதி.

யாழினி இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கித் தாவரவியல் படிக்கிறாள். (அரியர் இல்லை. அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.) போன தடவை போகும்போது, பீரோவிலிருந்த அந்த ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் போனாள். இரண்டு நாள் முன்பு போன் வந்தது.

"அப்பா, லேப்ல வச்சுப் பார்த்தேன். உங்க கோலம் அப்படியே இருக்குப்பா. எல்லாத்துலயும் கூட்டல் குறி சுத்துது."

"சரிம்மா. எப்பம்மா லீவு?"

"பிராக்டிகல் முடியணும்பா. மேடம் கையெழுத்துப் போட்டாத்தான் விடுவாங்க."

போன் வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளர்மதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க உங்க மக?" என்றாள்.

நான் விரலை நீட்டி, போனைக் காட்டினேன்.